ரேஸ் புத்தகமும் பேரனின் பதினைந்து பேரும்

போன சனிக்கிழமை மத்தியானம் பேரன் செல்போனும் கையுமாக வந்தான். "தாத்தா, மாசம் 499 ரூபா கட்டினா ஒரு குரூப்ல டீம் சொல்லித் தர்றாங்க. சேரட்டுமா?"

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஹார்பரில் வேலை. ரேஸ் நாளில் கல்மண்டபம் பக்கத்து டீக்கடைக்கு என்னை அனுப்பி ரேஸ் புத்தகம் வாங்கி வரச் சொல்வார். ஒன்றல்ல, மூன்று. மூன்றும் மூன்று குதிரையைச் சொல்லும். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போன பிறகும் புத்தகம் வாங்குவது நிற்கவில்லை. குதிரை தோற்றாலும் புத்தகம் போட்டவனுக்கு நஷ்டமில்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

1974-ல் நம் மாநிலத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமைக்கான ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அந்த 'திறமை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் காசு கட்டும் பேண்டஸி ஆப்கள் எல்லாம் வளர்ந்தன. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. டிரீம் லெவன் கூடக் காசுப் போட்டிகளை நிறுத்திவிட்டது.

பேரன் ஆடுவது அதுவல்ல. இங்கிலீஷ் பிரீமியர் லீக்கே நடத்தும் இலவச ஆட்டம். கற்பனைப் பணம் 100 மில்லியன் பவுண்டு தருவார்கள். அதற்குள் 15 பேரை வாங்க வேண்டும்: கோல்கீப்பர் 2, தடுப்பாட்டக்காரர் 5, நடுக்களம் 5, முன்களம் 3. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. நிஜ மேட்சில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி. இதன் மூதாதை அமெரிக்கா. 1962-ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் கிளப்பின் பங்குதாரர் வின்கன்பாக் நண்பர்களோடு சேர்ந்து யோசித்தது. அது நீள்வட்டப் பந்து ஆட்டம். நம்ம வியாசர்பாடிப் பையன்கள் ஆடுகிற புட்பால் இல்லை. கம்ப்யூட்டர் ஏது? பேப்பரில் வந்த ஸ்கோரைப் பார்த்துக் கையால் கூட்டினார்கள்.

பேரனிடம் மூன்று கேள்வி கேட்டேன். அந்தக் குரூப்காரன் போன மாதம் சொன்னதில் எத்தனை தப்பாயிற்று என்று எழுதி வைத்திருக்கிறானா? ஏன் இந்த ஆள் என்று காரணம் சொல்கிறானா? நீ தோற்றால் அவனுக்கு ஏதாவது போகுமா? மூன்றுக்கும் தலையை ஆட்டினான், இல்லையென்று.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து அந்த லீக்கின் சொந்த சைட்டையே பார்த்தோம். யாருக்குக் காயம், ஆடுவாரா மாட்டாரா, அடுத்த மேட்ச் எவ்வளவு கஷ்டம் எல்லாம் அதிலேயே இருக்கிறது, ஒரு பைசா கேட்காமல். கண்ணாடி போட்டும் எனக்குப் பாதி எழுத்து தெரியவில்லை. அவன்தான் படித்துச் சொன்னான். காயமென்று சிவப்புக் கொடி போட்டிருந்த ஒருவரைத் தூக்கினோம். முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கதவை மூடிவிடுவார்களாம், அதற்குள் முடித்தோம்.

அன்றைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த கேப்டன் ஒரு கோலும் அடிக்கவில்லை. பையன் ராத்திரி ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டான். 499 ரூபாய் என் சட்டைப் பையிலேயே இருந்தது.