பன்னிரண்டும் ஒன்பதும்: கடையா வீடா என்ற முதலீட்டுக் கேள்வியும் நியாய வாடகைப் பிரிவின் வாசிப்பும்

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தன் 4ஆம் பிரிவில், குடியிருப்புக் கட்டடத்தின் நியாய வாடகையை அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்றும் குடியிருப்பல்லாத கட்டடத்தினதை 12 சதவீதம் என்றும் வகுத்தது. இந்த இரண்டு எண்களிலிருந்து, கடை வீட்டைவிட அதிகம் ஈட்டும், அதைச் சட்டமே ஒப்புக்கொண்டது என்னும் முடிவை முந்தைய ஆய்வுப் போக்கு ஒன்று எடுத்தது. அந்த முடிவு முதலீட்டு ஆலோசனைகளிலும் ஊறிவிட்டது. எண்கள் சரியே. அவை எதை அளக்கின்றன என்பதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வழக்கமாக 12க்கும் 9க்கும் உள்ள விகிதத்தை மட்டும் எடுத்து, கடைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பார்கள். ஆனால் சதவீதம் எந்தத் தொகையின்மேல் ஏறும் என்பதையும் அதே பிரிவு சொன்னது. மனை, கட்டுமானம் ஆகியவற்றின் மதிப்போடு வசதிகளின் மதிப்பையும் சேர்க்கலாம். வீட்டுக்கு அது 15 சதவீதத்தையும் கடைக்கு 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. மனை 60 இலட்சம், கட்டுமானம் 40 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வசதிகளை உச்ச வரம்பில் சேர்த்தால் வீட்டின் அடிப்படை 115 இலட்சம், நியாய வாடகை ஆண்டுக்கு 10.35 இலட்சம். கடையின் அடிப்படை 125 இலட்சம், வாடகை 15 இலட்சம். அதாவது கடைக்கு ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல். நான் மறுக்கும் தரப்பு தனக்குச் சாதகமான சான்றையே குறைத்து மதிப்பிட்டிருக்கிறது.

இடைவெளி இவ்வளவு பெரிதானால், அது விளைச்சலின் அளவுதானா என்ற கேள்வி வலுக்கிறது. அப்படி எனக்குத் தோன்றவில்லை. இன்று சென்னையில் எந்த வீட்டின் வாடகையும் அதன் சந்தை மதிப்பில் 9 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. சட்டத்தின் எண்கள் சந்தையைப் பார்த்து எழுதிய வருணனை என்றால் இந்த முரண்பாட்டை விளக்க முடியாது. மேலும், பிரிவு பேசுவது கழிவு நீக்காத வருவாயை. சொத்து வரியும் பழுதுபார்ப்பும் காலி மாதங்களும் அதில் கழியவில்லை. மேற்சொன்ன கணக்கில், வீடு ஒருநாளும் காலியாக இல்லாமல் கடை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3.7 மாதம் பூட்டிக் கிடந்தால் இரண்டும் சமம். பத்தாண்டில் அது 37 மாதம். ஒரு வாடகைதாரர் போய் அடுத்தவர் வரும்வரை ஷட்டரில் டூலெட் பலகை தொங்கும் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

ஆனால் காலி மாதங்கள் இரண்டாம்பட்சம். 4ஆம் பிரிவைத் தனியே படிப்பதுதான் முந்தைய வாசிப்பின் அடிப்படைக் குறை. அதை 10(3)(அ) பிரிவோடும் ‘வாடகைதாரர்’ என்ற சொல்லுக்கு 2(8) தரும் வரையறையோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். தானோ தன் குடும்பத்தாரோ குடியிருக்கத் தேவை என்றால், அந்த ஊரில் வேறு சொந்த வீட்டில் குடியிராத உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்க முடிந்தது. கடையைக் கேட்பதற்கோ தானோ தன் குடும்பத்தாரோ நடத்திவரும் தொழிலுக்கு அது தேவைப்பட வேண்டியிருந்தது. சேமிப்பைப் போட்டுக் கடை வாங்கிய, தொழில் எதுவும் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. மறுபக்கம், கடை வாடகைதாரர் இறந்தால், அவரோடு சேர்ந்து அந்தத் தொழிலை நடத்திவந்து, தொடர்ந்தும் நடத்தும் வாரிசு வாடகைதாரராகவே நீடித்தார். வீட்டுக்கும் வாரிசுரிமை இருந்தது. ஆனால் வீட்டுக் குடும்பம் பிள்ளையின் பள்ளிக்கும் வேலை மாற்றத்துக்கும் தானே இடம் பெயர்கிறது. கடைக்காரரின் பிழைப்போ அந்த வாசலில் இருக்கிறது.

திருவல்லிக்கேணியில் நான் அறிந்த ஒரு கட்டடத்தில் கீழே எழுதுபொருள் கடை, பக்கத்தில் ஒடுங்கிய படிக்கட்டு, மேலே ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய சொத்து அது. மேல்வீட்டில் ஐந்து குடும்பங்கள் மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் வெள்ளையடித்து, புது வாடகை பேசி, சாவி கைமாறியது. கீழே தகப்பனாருக்குப் பின் மகன் அதே மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஷட்டரின் சாவி ஆசிரியர் கைக்குத் திரும்பி வந்ததே இல்லை. இப்போது படியேறிவரும் மேல்வீட்டு வாடகைதான் கீழ்க்கடை வாடகையைவிட அதிகம். ஒரே மனை, ஒரே சுவர். சட்டம் கீழ்த்தளத்துக்குத்தான் 12 சொன்னது.

ஆகவே 12 சதவீதத்தை, கடை தரும் வருவாயாக அல்லாமல், கடையைத் திரும்பப் பெற முடியாமைக்கு உரிமையாளருக்குக் கிடைத்த ஈடாகப் படிக்கலாம் என்று கருதுகிறேன். சட்டமன்றத்தின் நோக்கமே இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. பிரிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் இந்த வாசிப்பை அனுமதிக்கிறது, மற்றதை அவ்வளவு எளிதாக அனுமதிக்கவில்லை என்பதோடு நிற்கிறேன். கடன் கொடுப்போர் கணக்கும் இதற்கு முரணாக இல்லை. ரிசர்வ் வங்கி 2017இல் திருத்திய அளவுகளில் தனிநபர் வீட்டுக்கடனின் இடர் எடை 35 முதல் 50 சதவீதம்; வாடகையை நம்பிய வணிகக் கட்டடக் கடனுக்கு அது 100. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வீட்டுக்கு 2 மாத வாடகையையும் மற்றக் கட்டடங்களுக்கு 6 மாத வாடகையையும் முன்பண வரம்பாக வைக்கிறது. வருவாய் கூடும் இடத்தில் இடரும் கூடுகிறது.

மறுப்புகள் சில எழலாம். உரிமையாளர் நியாய வாடகை மனு போட்டிருக்கலாமே என்பது ஒன்று. போடலாம், ஒப்பந்தக் காலம் ஓடும்போதே போடலாம் என்று உச்ச நீதிமன்றம் ராவல் வழக்கில் சொன்னது. ஆனால் ஒருமுறை வாடகை நிர்ணயமானால், உரிமையாளர் செலவில் கட்டடத்தைக் கூட்டியோ மாற்றியோ இருந்தாலன்றி உயர்வு கிடையாது என்று 5ஆம் பிரிவு கதவைச் சாத்தியது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதே என்பது இன்னொன்று. அச்சட்டம் வாடகையை ஒப்பந்தத்துக்கு விட்டது; கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களை அந்த வாசலில் தேடிவைத்திருக்கும் உண்மையை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. பெருநிறுவன அலுவலக வளாகங்களின் வருவாயைக் காட்டுவோர் வேறொரு பொருளைப் பேசுகிறார்கள். அதில் பங்கு வாங்கலாம், சாவி வாங்க முடியாது.

எனவே வீட்டையும் கடையையும் ஒப்பிடும் ஆய்வுகள் வாடகைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும்: சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சாவி உரிமையாளரிடம் திரும்பி வருகிறது என்பது. அது இல்லாத ஒப்பீட்டில் 12 எப்போதும் 9ஐ வெல்லும். திருவல்லிக்கேணி ஆசிரியரின் கணக்கில் அது வெல்லவில்லை.