உப்புக்காற்றும் ஓலைப்பெட்டியும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் காகிதத்துக்கு ஆயுள் குறைவு. ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் ஏரியும் நெருக்க, இடையிலுள்ள மணல்மேட்டிலும் ஏரியின் தென்கரையிலும் அமைந்த மீனவக் குப்பங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதும், கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரிநீர் சில காலங்களில் கடல்நீரையும் மிஞ்சி உப்பேறுவதும் ஆண்டுதோறும் நிகழும் காரியங்கள். காற்றிலே கலந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது. ஈரம் தாளை உப்ப வைக்கிறது. குண்டூசி துருவேறித் தாளில் பழுப்பு வட்டம் இடுகிறது. ஒட்டிய மைதாப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வந்து சேர்கிறது. படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளைச் சென்னைப் பட்டணத்துக் கடைகளில் வாங்கி வந்து, அவற்றைக் குறைந்த செலவில் எந்த ஆல்பத்தில் வைப்பது என்று யோசிக்கிற இக்காலப் பிள்ளைகளுக்கு, மெல்லிய வஸ்துக்களை இதே காற்றில் காப்பாற்ற இவ்வூர் நானூறு ஆண்டுகளாகப் பட்ட பிரயாசை பயன்படக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதி பெற்று 1610இல் இங்கே காலூன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார், 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்குமான தங்கள் வியாபாரத்தை இவ்விடத்திலிருந்தே நிர்வகித்தார்கள். நாகப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயர் வசமானபின் மறுபடி இங்கே வந்தார்கள். இடையிடையே கைமாறிய ஊர் 1825இல் முடிவாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. இந்த அரசியல் மாறுதல்களைக் காட்டிலும் நம் விஷயத்துக்கு வேண்டியது அவர்களுடைய எழுத்து வேலை. ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு கடிதமும் பிரதி எடுக்கப்பட்டு ஜாவாவிலிருந்த பத்தேவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கப்பலேறியது. உலகின் பல காப்பகங்களில் இன்று எஞ்சியுள்ள அக்கம்பெனியின் ஏடுகள் ஏறக்குறைய 2 கோடியே 50 லட்சம் பக்கங்கள் என்றும், அவை 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன என்றும் அறிகிறோம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் அவற்றில் ஒரு பகுதி இருக்கிறது. ஆயினும் அதில் பெரும்பங்கு கொச்சியைச் சேர்ந்தது. பழவேற்காட்டைப் பற்றிய செய்திகள் செழிப்பாகக் கிடைப்பது பழவேற்காட்டில் அன்று, ஹேக் நகரத்தில்! இரும்புச் சத்துள்ள மையால் எழுதிய தாளை ஈரக்காற்று மிக விரைவில் அரித்துவிடும் என்பதை எண்ணினால், பிரதிகள் குளிர்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது சரித்திரத்துக்கு நேர்ந்த அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம்.

அந்தக் கம்பெனிக்காரர்களிடம் சேகரிப்பு அட்டைக்கு மிக அருகில் வரக்கூடிய ஒரு பொருளும் இருந்தது. கிழக்குத் தீவுகளில் மிளகையும் கிராம்பையும் ஜாதிக்காயையும் பெற வேண்டுமானால் அங்குள்ளோர் விரும்பும் துணியைக் கொண்டுபோக வேண்டும்; ஒரு தீவார் விரும்பும் கட்டத்தை இன்னொரு தீவார் ஏறிட்டும் பாரார். ஆகையால், இன்ன கரை, இன்ன பூ, இன்ன சிவப்பு என்று காட்டும் மாதிரித் துணிகளையும் வரைபடங்களையும் கடல் கடந்து அனுப்பி, அவற்றைப் பார்த்து நெய்யவும் எழுதவும் நம் நெசவாளரையும் சாயக்காரரையும் ஏவினார்கள். மாதிரி கெட்டால் கப்பல் சரக்கே கெடும் என்றிருந்த நிலையில் அத்துண்டுகளுக்கு அவற்றின் அளவுக்குச் சம்பந்தமில்லாத மதிப்பு இருந்தது. பழவேற்காட்டுக் கட்டக் கைக்குட்டை பிற்காலத்தில் ஊரின் பெயரையே தன் பெயராகச் சுமந்து ஐரோப்பியச் சந்தைகளில் உலவிற்று. மூட்டைகளாகக் கட்டிய துணிகளோ மெழுகுத்துணியில் பொதியப்பட்டுக் கப்பலேறின. நீரை உள்ளே விடாத உறையின் உபயோகம் நெடுந்தூரப் பயணத்துக்கே என்பதும், வீட்டில் நிலையாக வைக்கும் பொருளுக்கு அதுவே ஆபத்தாகலாம் என்பதும் பின்னால் சொல்லப் போகும் பிளாஸ்டிக் உறைக்கும் பொருந்தும்.

கோட்டைக்குள் தாளும் மையுமாக இருந்த அதே காலத்தில் கோட்டைக்கு வெளியே எழுத்து ஓலையில் இருந்தது. 1632 முதல் 1642 வரை இங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபர் என்ற அந்தணரின் துணையால் இந்து சமய ஆசாரங்களைக் கேட்டறிந்து எழுதிய நூல், ஆசிரியர் இறந்தபின் 1651இல் லெய்டனில் வெளியாயிற்று. பர்த்ருஹரியின் மூன்று சதகங்களில் நீதியையும் வைராக்கியத்தையும் பற்றிய இரண்டு அந்நூலில் ஒல்லாந்த மொழியில் இடம்பெற்றன. வடமொழிச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதற் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. சிருங்கார சதகம் மட்டும் விடுபட்டுப் போனதில் பாதிரியாரின் கூச்சம் தெரிகிறதோ, பத்மநாபரின் கூச்சம் தெரிகிறதோ, யார் கண்டார்?

ஓலைச்சுவடியைக் கட்டும் முறையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. பனையோலையை நறுக்கி, நிழலில் உலர்த்தி, வேகவைத்து மறுபடி உலர்த்தி, சங்கினாலோ வழுவழுப்பான கல்லினாலோ தேய்த்துப் பதப்படுத்துவார்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்த ஏடுகளை ஒரே அளவாக நறுக்கி, இரண்டு துளையிட்டு, ஒன்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, மிஞ்சிய கயிற்றால் சுற்றிக் கட்டி, துணியில் முடிந்து வைப்பார்கள். பசை இல்லை, தைப்பு இல்லை, இரும்பு இல்லை. ஓர் ஏடு முறிந்தால் கயிற்றை அவிழ்த்து அதை மட்டும் மாற்றி எழுதிக் கோத்துவிடலாம். எழுத்து விளங்க விளக்குக்கரியும் மஞ்சளும் கோவையிலைச் சாறும் பூசுவதால் படிப்பதற்கும் சௌகரியம், பூச்சிக்கும் ஓரளவு தடை. துளையைக் கயிற்றின் பருமனைவிடச் சிறிது பெரிதாக விடுவதில்தான் கட்டுபவனின் சாமர்த்தியம் இருந்தது. இறுக்கமாக இருந்தால் ஏடு புரளும்போது துளையின் ஓரம் கிழியும். பெரிய நூல்நிலையங்களில் அப்படிக் கிழிந்த ஏடுகளைக் காணும்போது, அழித்தது பூச்சியா, புரட்டிய கையா என்ற சந்தேகம் வராமற் போகாது.

எழுத்து ஓலையின் காலம் முடிந்தபின்னும் பழவேற்காட்டில் ஓலைக்கு வேலை முடியவில்லை. ஊரிலுள்ள முஸ்லிம் பெண்மணிகள் பனங்குருத்தோலையால் முடையும் பெட்டிகள் இன்றும் இவ்வட்டாரத்துக்குப் பேர் தருபவை. குருத்தை வெயிலில் வெளுக்க வைத்து, நடுவிலுள்ள ஈர்க்கை உரித்தெடுத்து, சிலவற்றைக் கொதிக்கும் சாயநீரில் முக்கி, நகத்தளவுக்கும் குறைவான அகலத்தில் ஒரே சீராகக் கிழித்து, நீர் தெளித்து மிருதுவாக்கி, அடிப்பாகத்தின் நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செல்கிறார்கள். மூலை திரும்பும் இடத்தில்தான் பழகிய கையும் பழகாத கையும் தெரியும். நன்றாக முடைந்த பெட்டியின் மூடியைக் கவிழ்த்தால் அது தானே மெல்ல இறங்கி அமரும், வலிந்து அழுத்த வேண்டியதில்லை. கிரயம் குறைவு, கேட்ட அளவுக்கு முடைந்து தரலாம், பழசானால் அடுப்பெரிக்கும் உதவும். காற்று உள்ளே போய் வெளியே வருவதால் ஈரம் தங்கிப் புழுங்குவதில்லை. குறையும் உண்டு: மழைக்காலத்தில் மூலையில் போட்டுவிட்டால் ஓலையிலேயே பூஞ்சணம் பூக்கும், எலி கடிக்கும்.

மீனவக் குடும்பத்தில் காப்பாற்ற வேண்டிய தாள்கள் நாளுக்கு நாள் பெருகிவிட்டன. முன்பு ஏரியில் உரிமை என்பது தாளைச் சார்ந்ததாக இல்லை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவரும் பாடு முறையில், இறால் ஓடும் நீர்வழியில் சுற்றுவலை கட்டும் உரிமை தலைக்கட்டுகளுக்கிடையே முறை வைத்துச் சுழலும். இன்று இவர் பாடு, நாளை அவர் பாடு. மணமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டாக எண்ணப்படுவதும் வழக்குத் தீர்ப்பதும் ஊராரின் முன்னிலையில் நடப்பவை. கணக்குப் புத்தகம் இருந்தாலும் அதற்கு ஆதாரம் ஊர்க்கூட்டமேயன்றிப் புத்தகம் அன்று. இக்காலத்திலோ குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு, கூட்டுறவுச் சங்கப் புத்தகம் எல்லாம் இருந்தால்தான் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கைக்கு வரும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் பொங்கியபோது தமிழகக் கரையோரத்தில் வீட்டோடு தாள்களையும் இழந்தவர்கள், தாம் யார் என்று நிரூபிப்பதற்கே அலைய நேர்ந்தது. அதன்பின் கரையோர வீடுகளில் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து உயரத்தில் வைக்கும் வழக்கம் வலுப்பெற்றதில் வியப்பில்லை.

படம் போட்ட அட்டைகளைச் சேர்க்கும் ஆசை நமக்குச் சிகரெட் வழியாக வந்தது. மேல்நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டையில் படம் அச்சிடத் தொடங்கினார்கள்; அதைச் சேர்ப்பது பித்தாக வளர்ந்தது. 1930களில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிகளே ஒரு பென்னி விலைக்கு ஆல்பம் விற்றன; அட்டையின் பின்புறத்தில் பசை தடவி, நனைத்து ஒட்டும்படி செய்திருந்தார்கள். விலையைப் பார்த்தால் அதைவிட மலிவான ஆல்பம் உலகில் இருந்திராது. ஆனால் ஒட்டிய அட்டையைப் பிரித்தெடுக்க முடியாததால், பிற்காலச் சேகரிப்பாளர் சந்தையில் ஒட்டாத அட்டைக்கே கிராக்கி மிகுந்தது. 1940இல் போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டால் அந்த அட்டைகளே நின்றுபோயின. நம் ஊர்ப் பிள்ளைகள் வேறு வழி கண்டார்கள்: காலிச் சிகரெட் பெட்டியின் முகப்பைக் கிழித்து, பாசிங் ஷோவுக்கு இத்தனை, சிசர்ஸுக்கு இத்தனை என்று தாமே மதிப்பு வகுத்து, வட்டத்துக்குள் அடுக்கிச் சில்லால் அடித்து வென்றார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டபின் தீப்பெட்டிப் படங்களும் சேர்ந்துகொண்டன. வென்றதை வாழைநாரில் கட்டி டிராயர் பையில் வைத்தவனுக்கு ஆல்பம் எதற்கு?

இன்றைய அட்டைகளின் அளவு 1957இல் டாப்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் பேஸ்பால் அட்டைகளுக்கு நிர்ணயித்தது: அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். 1996இல் ஜப்பானில் பிறந்த போக்கிமான் அட்டையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒன்பது பை வைத்த பிளாஸ்டிக் தாள்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றிலே பிவிசியால் செய்தவை விலை குறைவு. பிரித்தவுடன் மூக்கைத் தாக்கும் நெடியே அவற்றின் அடையாளம். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து அட்டையின் அச்சில் ஒட்டிக்கொள்கிறது. வெப்பமும் ஈரமும் இக்காரியத்தைத் துரிதப்படுத்துகின்றன. தபால் தலை சேர்ப்போர் நெடுங்காலமாகப் பயந்துவந்த நோய் இது. பாலிபுரோப்பிலீன் தாளுக்கு அந்தக் குற்றம் இல்லை. விலை சற்றுக் கூடும். ஆயினும் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் பக்கமேயன்றி அட்டைப்படம் போட்ட பளபளப்பான மேலுறை அன்று. மேலுறைக்குச் சென்னை ஆண்டர்சன் தெருவில் அலுவலகத்துக்கென்று விற்கும் சாதாரண ரிங் பைலே போதும். வளையம் முழு வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் நேராக இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும், வட்ட வளையம் ஓரத்து அட்டைகளை அழுத்தித் தடம் பதிக்கும். வளையம் இரும்பாகையால் இக்கரையில் துருப்பிடிக்கும் என்பதையும் மறக்கலாகாது. வளையமே இல்லாமல் பக்கங்களை உள்ளே பிணைத்த ஆல்பங்கள் அந்த வகையில் மேல். ஆனால் ஒரு பக்கம் கிழிந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது. சுவடி கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட யோசனையுள்ளவர்கள்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஆல்பத்தைப் போட்டு மூடினால் உள்ளே அடைபட்ட ஈரமும் கூடவே மூடப்படும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டாலும் அது ஈரம் குடித்து நிறைந்தபின் சூடுகாட்டி உலர்த்தாவிட்டால் பயனில்லை. இந்தப் பராமரிப்பு இயலாத வீட்டில், ஆல்பத்தின் அளவைச் சொல்லி முடையச் செய்த ஓலைப்பெட்டியில் நிற்கவைத்து, சுவரையொட்டாமல் உயரமான பலகைமேல் வைப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது. வருஷத்துக்கொரு முறை சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை எடுத்துத் தூசு தட்டும் வழக்கம் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவதால், பூச்சி ஏதும் குடியேறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது தக்க நாள். மழை முடிந்தபின் ஈரத்தைப் போக்க அது உதவாது. அதற்கு மாசியில், பனி விலகி வெயில் ஏறும் முற்பகலில், அட்டைகளை நேர்வெயில் படாத திண்ணையில் பரப்பி, அவை ஆறும் வரையில் காலிப் பெட்டியை மட்டும் முற்றத்து வெயிலில் காய வைக்க வேண்டும்.