சிந்தூர் கேலா

விஜயதசமியன்று, துர்க்கை சிலையை நீரில் கரைக்கும் முன் வங்காளிச் சுமங்கலிகள் சிந்தூரம் பூசி விளையாடுவது. ‘கேலா’ என்றால் விளையாட்டு. ‘சிந்தூர்’ நமக்கும் அந்நியமல்ல: சமஸ்கிருதச் ‘சிந்தூரம்’தான் தமிழில் செந்தூரம் ஆனது. ‘செம்மை’யின் சாயல் ஏறித்தான் ‘சி’ ‘செ’யாகியிருக்க வேண்டும். சித்த மருத்துவத்தின் சிவப்புப் பொடி மருந்துகளுக்கும் அதே பெயர்.

இந்த விளையாட்டு அந்தமானிலும் உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை 1949 முதல் அரசு அங்கே குடியமர்த்தியது. காடு திருத்தி வயலாக்கிய அவர்களுடன் துர்கா பூஜையும் வேரூன்றியது. சிவப்புக் கரை வெள்ளைப் புடவையில் பெண்கள் வரிசையாக வந்து வெற்றிலையால் அம்மன் முகத்தைத் துடைப்பார்கள். உதட்டில் இனிப்பு வைப்பார்கள். வகிட்டில் சிந்தூரம் இடுவார்கள். பிறகு ஒருத்தி கன்னத்தில் மற்றவள் பூசுவாள். பிறந்தகம் வந்த மகளாகத் துர்க்கையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் வழியனுப்பு இது. கைம்பெண்களை ஒதுக்கிவைத்த வழக்கம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. கொல்கத்தாவில் சில இடங்களில் அவர்களையும் இப்போது அழைக்கிறார்கள், நல்லது.

கைச் சங்கு வளையலுக்கும் சிந்தூரம் உண்டு. வங்கத்து வளையல்களுக்கான சங்கு நெடுங்காலம் தூத்துக்குடிக் கடலிலிருந்தும் போனது.