கையை ஏவுவதும் தடுப்பதும்

எழுத எடுத்த பேனையை ஒருவன் எழுதாமலே கீழே வைக்கின்றான். இச்சிறு செயலில் ஏவலும் உண்டு, தடையும் உண்டு. இவ்விரண்டிற்கும் அறிஞர் மூளையில் இடந்தேடிய வரலாறு சுவைமிக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மூளையின் மேற்பட்டை தசைகளை ஏவுவதில்லை என்பதே உடற்றொழிலியலார் பலரின் துணிபு. 1870 இல் பேர்லின் நகரில் பிறிச், ஹிற்சிக் என்னும் மருத்துவர் இருவர் நாயின் மூளை மேற்பட்டையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. பழைய துணிபு அன்றே ஆட்டங்கண்டது. கைவிரலிலே தொடங்கி மேலேறும் வலிப்பை நோயாளரிடம் கண்ட ஆங்கில மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், இவ்வுண்மையை முன்னரே உய்த்துணர்ந்திருந்தார்.

எனினும், மின்னோட்டத்தால் அசைதல் வேறு. தானே எண்ணி அசைத்தல் வேறு. பின்னதை ஆராயப் புகுந்தோர் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரத்துக் கோர்ன்ஹூபரும் அவர் மாணவர் டீக்கேயும் ஆவர். 1964 இல், விரும்பியபோது விரலை மடக்குவோரின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, மின்னலைகளை நாடாவிற் பதிந்தனர். விரல் எக்கணத்தில் அசையும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆதலின் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, அசைவுக்கு முந்திய அலைகளைச் சேர்த்துச் சராசரி கண்டனர். எளிய உபாயந்தான்; ஆயினும் அதுவே வழியைத் திறந்தது. விரல் அசைவதற்கு ஒரு செக்கன் அளவு முன்னரே மின்மாற்றம் ஒன்று மெல்ல எழுந்தமை புலனாயிற்று.

1983 இல் அமெரிக்கரான லிபெற் இதனை மேலும் துருவினார். மின்மாற்றம் அசைவுக்கு ஏறக்குறைய 550 மில்லிசெக்கனுக்கு முன் தொடங்கியது. அசைக்கும் விருப்பம் எழுந்ததாக மக்கள் கூறிய கணமோ அசைவுக்கு 200 மில்லிசெக்கன் அளவே முந்தியது. விருப்பத்துக்கு முன் மூளை தொடங்கிவிடுமாயின், செயலுக்குப் பொறுப்பாளி யார்? எஞ்சிய சிறுபொழுதில் செயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்றார் லிபெற். சுழலும் ஒளிப்புள்ளியைப் பார்த்து ஒருவன் தன் விருப்பத்தின் கணத்தைச் சொல்ல, அதனை அளவையாகக் கொண்டது துணிச்சலே. அம்மின்மாற்றம் முடிவன்று, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வுகள் சேர்ந்து தோற்றும் உருவமே என 2012 இல் சூர்கரும் உடனாய்வாளரும் எதிர்வாதமும் எழுப்பினர்.

தடுத்தலை அளந்தோர் லோகன், கோவன் என்போர். 1984 இல் அவர்கள் ஏவலையும் தடையையும் ஓட்டப்பந்தயத்தில் முந்தும் இரு குதிரைகளாகக் கருதினர். எது முந்துமோ அதுவே வெல்லும். தடுத்த கை அசைவதில்லையாதலால், தடைக்குச் செல்லும் காலத்தை நேரே அளத்தல் இயலாது. தடுக்கத் தவறிய வேளைகளின் வீதத்தைக் கொண்டு கணித்தபோது, அது பெரும்பாலும் கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவாகவே நின்றது.