விசைப்பலகையுள் ஒரு பல்லியம்

முன்னாளில் பல்லியம் முழங்க வேண்டுமாயின் பலர் கூட வேண்டும். 1979இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஃபேர்லைட் கருவி, இயற்கை ஓசைகளைப் பதிந்து விசைகளால் இசைக்க வழிவகுத்தது; எனினும் அதன் விலை எளியோர்க்கு எட்டாததாயிற்று.

1988இல் ஜப்பானியக் கோர்க் நிறுவனம் வெளியிட்ட 'எம்1' அந்நிலையை மாற்றிற்று. பல்கருவி ஒலிகளும் தாளமும் 8 தடப் பதிவும் ஒரே கருவியுள் அடங்கின. ஆயினும் ஒரே வேளையில் 16 குரல்களே ஒலிக்கும். இசை செறியுங்கால் முன்னெழுந்த சுரம் அறுபடும். 1995இல் வந்த 'டிரினிட்டி' 32 குரல்களையும் தொடுதிரையையும் தந்தது. 1999இல் வந்த 'டிரைட்டன்' 62 குரல்களோடு புறவோசைகளைப் பதியும் ஆற்றலும் பெற்றது.

தனியொரு கலைஞன் தன் கற்பனையை முழுமையாகக் கேட்க முடிந்தமை இவ்வளர்ச்சியின் பேறாகும். பலர் கூடியமர்ந்த அவையில் ஒருவரே எஞ்சியமை அதற்குக் கொடுத்த விலையாகும்.