டிஎன்எஸ் அமைப்பு: வீட்டு லினக்ஸ் கணினிகளில்

இணையதளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தர எந்தச் சர்வரைக் கேட்பது என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் ஏற்பாடு. பால் மோக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் இதன் அடிப்படை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் வந்த வழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கி வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வெம்பக்கோட்டை போன்ற சிற்றூர்களின் மேல்நிலை மாணவர் கைக்கும் லினக்ஸ் இப்படி வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

பெயரைத் தேடும் கணினி வழக்கமாக முதலில் தன்னிடமுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும், பிறகு ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் எழுதியுள்ள சர்வரைக் கேட்கும். அங்கே 3 சர்வர்கள் வரை எழுதலாம். முதல் சர்வர் பதில் தராவிட்டால் இரண்டாவதிடம் போகும். அதற்கு 5 விநாடி காத்திருக்கும். ‘நெட் ஸ்லோ’ என்று திட்டு வாங்கும் இணைப்புகளில் சிலவற்றின் குற்றம் இந்தக் காத்திருப்புதான். ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்று முதல் சர்வர் சொன்னால் அதுவும் பதிலே, அடுத்தது கேட்கப்படாது.

புதியவர் இடறும் இடம் ஒன்று உண்டு. ரிசால்வ்.கான்ஃபைத் திருத்திச் சேமிப்பார். மறுபடி கணினியைத் திறந்தால் பழைய எண்ணே நிற்கும்; இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் அதை மீண்டும் எழுதியிருக்கும். கோப்பின் தலையிலேயே ‘நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கியது’ என்று ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. உபுண்டுவில் 127.0.0.53 என்று மட்டும் தெரியும். அது கணினிக்குள்ளேயே இயங்கும் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டின் முகவரி.

ஆகவே மாற்றத்தை நெட்வொர்க்மேனேஜரில், அந்தந்த இணைப்பின் பெயரிலேயே செய்ய வேண்டும். பகலில் கைபேசி ஹாட்ஸ்பாட், இரவில் வீட்டு ஃபைபர் என்று மாறும் மடிக்கணினிக்கு இரண்டிலும் தனித்தனியாக. தானாக வரும் டிஎன்எஸ்ஸை நிறுத்திவிட்டு 8.8.8.8 (கூகுள், 2009) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர், 2018) என்று எழுதி, இணைப்பைத் துண்டித்து மீண்டும் சேர்க்க வேண்டும். ஐபிவி6 பக்கத்தையும் மாற்றாவிட்டால் கேள்விகள் அந்த வழியாகப் பழைய சர்வருக்கே போகலாம்.

சோதனை எளிது: 8.8.8.8க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போய், பெயருக்கு மட்டும் போகாவிட்டால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான். ‘.இந்தியா’ (2011) என்று முடியும் தமிழ் முகவரியைச் சோதிக்கும்போது பதிலில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவை வந்தால் அது பிழையன்று. டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ் அந்த உருவில்தான் பயணிக்கிறது.