கிடுகும் தகரமும்: தில்லையடிக் கூரையின் கதை

பழந்தமிழில் கிடுகு என்றால் கேடயம். பின்னிய தென்னோலைக்கும் அதுவே பெயர். வாளைத் தடுத்ததற்கும் வெயிலைத் தடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த தமிழில், கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிடுகு என்றால் அகதி வாழ்வு என்றொரு மூன்றாவது பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொருள் பிறந்த இடங்களுள் ஒன்று, புத்தளம் நகரை அடுத்த தில்லையடி. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மிகப் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். தில்லையடியிலும் சுற்றூர்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. பல்லாண்டு நனைந்தும் புழுங்கியும் கிடந்த அந்தக் கொட்டில்களின் துன்பம் மறுக்க முடியாதது. ஆனால் அந்தத் துன்பத்துக்குக் கிடுகைக் குற்றவாளியாக்கியது பிழை. அந்தப் பிழையின் விலையைத்தான் இன்று தகரக் கூரைக்குக் கீழே வேர்வையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கிடுகு செய்யும் முறையிலிருந்து தொடங்கலாம். தென்னை மட்டையை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் ஓலைகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னுவார்கள். வேய்ச்சல் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டில் முடியும். மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் படிந்திருப்பதால் மழைநீர் வரிசை வரிசையாக வழிந்து நிலத்தில் விழும். குளிர்நாடுகளில் மரச்சட்ட வீட்டின் சுவரைப் போர்த்தும் ‘ஹவுஸ் ராப்’ விரிப்புக்கும் இதே விதிதான்: கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், மேல்விரிப்பு கீழ்விரிப்பை மூட வேண்டும், வெளிநீர் உள்ளே போகக் கூடாது, உள்ளீரம் ஆவியாகி வெளியேற வேண்டும். அவற்றுள் பெயர்பெற்ற டைவெக்குக்கு வித்தான இழையை டுபாண்ட் நிறுவன ஆய்வாளர் ஜிம் வைட் 1955இல் தற்செயலாகக் கண்டார். அந்த விரிப்பு தடுப்பது நீரையும் காற்றையும் மட்டுமே. வெப்பத்துக்கு வேறாகச் சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு வைக்கிறார்கள். பஞ்சுக்குள் அசையாமல் அகப்பட்ட காற்றே அங்கே காப்பு. கிடுகில் இந்த இரண்டு வேலையும் ஒரே அடுக்கில் நடந்துவிடுகிறது. நீரை வழியவிடும் ஓலைகளே காற்றையும் இடுக்குகளில் பிடித்துவைக்கின்றன. அங்கே வீட்டுச் சூடு வெளியே போகக் கூடாது, இங்கே வெளிச்சூடு வீட்டுக்குள் வரக் கூடாது, திசைதான் வேறு.

இவ்வளவு நல்ல கூரை என்றால் மக்கள் ஏன் அதைவிட்டு ஓடினார்கள் என்று கேட்கலாம். ஒரு காரணம் வெப்பத்தோடு சம்பந்தமில்லாதது: அந்தஸ்து. 1344இல் புத்தளத்தில் இறங்கிய பயணி இப்னு பத்தூதா, மரச்சுவரும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிற்றூரைக் கண்டதாக எழுதுகிறார். ஆள்பவரின் ஊரே மரத்தைக் கொண்டு நின்ற காலம் அது. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், அங்கே சாதாரணக் குடிகள் ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதி இல்லை என்கிறார். ஓலைக்கும் ஓட்டுக்கும் நடுவே அரசன் ஆணையே நின்றது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், ‘கலிகட் ஓடு’ இலங்கையிலும் பரவியது. ஆணை போன இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. ஆகவே ஓலை தாழ்ந்தது என்ற எண்ணம் 1990க்கு மிக முந்தியது. அகதிமுகாம் அதற்கு முத்திரை குத்தியது.

இரண்டாவது காரணம், கிடுகு வேண்டி நிற்கும் உழைப்பு. ஓரிரு ஆண்டுக்கொருமுறை கூரையைப் பிரித்து மேய்ந்தால்தான் அது கூரை. அதற்குச் சொந்தத் தென்னை வேண்டும், பின்னும் கைகள் வேண்டும், மாரிக்கு முன் ஓய்வான சில நாள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த ஆண்டும் இதே இடத்தில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். அடுத்தவர் காணியில், அடுத்தவர் தென்னையின் கீழ், கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பத்துக்கு இவற்றில் எது இருந்தது? கிடுகையும் விலைகொடுத்து வாங்க வேண்டியவர்களின் கூரை காலத்தில் மாற்றப்படாமல் மக்கியது. மக்கிய ஓலை எவரையும் காக்காது. பக்கத்துப் பாலாவியிலோ, அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லை ரயிலில் கொண்டுவந்து நாடு முழுவதற்கும் சீமெந்து செய்தார்கள். அதே வட்டாரத்து அகதிகளுக்கு நிரந்தர வீடுகள் கட்ட உலக வங்கி 3.2 கோடி டொலர் திட்டத்தை ஏற்றது 2007இல்தான்.

நெருப்பைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. நெருக்கமாக நிற்கும் ஓலைக் குடிசைகளில் ஒரு பொறி போதும். பூச்சி, பாம்பு, பெண்கள்மேல் விழும் பின்னல் வேலை ஆகியவையும் மெய்யான குறைகளே. ஆகையால் எல்லாரும் மீண்டும் கிடுகுக்குப் போக வேண்டும் என்பது வசதியானவர்கள் ஏழைக்குச் சொல்லும் புத்திமதியாகவே முடியும். நொக்ஸ் கண்ட குடிகளுக்கு மறுக்கப்பட்ட ஓட்டை இன்றைய குடிகள் விரும்புவதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. கேட்க வேண்டியது வேறு: தீக்கும் மழைக்கும் அஞ்சாத கூரையைக் கொடுத்தபோது, ஓலை செய்துவந்த இன்னொரு வேலையை யாரிடம் ஒப்படைத்தோம்? தகரம் வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்குகிறது; உப்பளக் காற்றில் துருவும் பிடிக்கிறது. அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டின் தூசோ நுரையீரலைக் கெடுக்கும். 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைச் சரக்கில் வண்டு கண்டதாகச் சொல்லி, அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடுகளுள் முதன்மையான ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. கொழும்பு தன் தடையைத் தளர்த்தியது. ஏழையின் கூரை எதுவென்று தேயிலைக் கணக்கும் தீர்மானிக்கும் என்பது அப்போது தெரிந்தது.

கிடுகோடு போன காப்பை இன்று வசதியுள்ளவர் கடையில் விலைக்கு வாங்குகிறார்: கூரைக்குக் கீழே விரிக்கும் பளபளத்த அலுமினிய விரிப்பு. தகரத்துக்கும் அதற்கும் நடுவே சிறிது காற்றிடைவெளி விட்டால் சூட்டின் பெரும்பங்கை அது கீழே விடாது. ஒட்டவைத்து ஆணியடித்தால் பயன் குறைந்துபோகும். கிடுகு வேய்ந்தவர் யாரும் இந்த இடைவெளியைத் தனியாக நினைக்க வேண்டியிருக்கவில்லை, பின்னலிலேயே அது இருந்தது. நிரந்தர வீட்டுக்கு மதிப்பீடு எழுதும்போது சுவர், கதவு, கூரை, கழிப்பறை என்று எண்ணிக்கொண்டு போகிறோம். வெப்பக் காப்பு அந்தப் பட்டியலில் தானாக வராது, ஓலை அதற்குத் தனிவிலை கேட்டதே இல்லை என்பதால். இனி அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும்.